யூரின் டியூப் போட்டவர்களுக்கு வரும் இன்பெக்ஷன்: கட்டிலுக்குக் கட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஸ்டாஃப் நர்ஸ். மெடிக்கல் வார்டிலும் ஐசியூவிலும் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது இன்பெக்ஷன் கன்ட்ரோல் வேலை பார்க்கிறேன். எந்த வார்டுக்குப் போனாலும் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் நோயாளிக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

“இந்த டியூப் உள்ளே எது வரைக்கும் போகுது? வழுக்கிட்டு வெளிய வந்துடாதா?”

சிறுநீர்த் துவாரம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் போகிறது. நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன பலூன் உண்டு. டியூப் உள்ளே போனதும் பக்கவாட்டு வால்வில் சிரிஞ்சை வைத்து 10 மில்லி அளவுக்கு ஸ்டெரைல் வாட்டர் ஏற்றுவோம். பலூன் உப்பிச் சிறுநீர்ப்பையின் அடியில் உட்கார்ந்துகொள்ளும், டியூப் வழுக்காது. சலைன் ஏற்றுவதில்லை. உப்பு படிந்து அந்தச் சின்னக் குழாய் அடைத்துக்கொண்டால், எடுக்கும் நாளில் பலூனை வடிப்பது பெரும்பாடாகிவிடும்.

வார்டில் இதை ‘ஃபோலீஸ்’ என்போம். ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் 1930-களில் உருவாக்கியது. வால்வின் நிறம் அழகுக்கு இல்லை, அது சைஸ். பச்சை என்றால் 14, ஆரஞ்சு 16, சிவப்பு 18. அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் டியூப்பின் குறுக்களவு மில்லிமீட்டரில் வரும். பெரும்பாலான பெரியவர்களுக்கு 14 அல்லது 16 போதும்.

“எதுக்கு இதைப் போடணும்? டயப்பர் கட்டினா ஆகாதா?”

பல பேருக்கு ஆகும். டியூப் கட்டாயம் வேண்டிய நிலைமைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: புராஸ்டேட் வீங்கியோ வேறு காரணத்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டவர், மணிக்கு மணி யூரின் அளவு பார்க்க வேண்டிய அளவுக்கு மோசமாக இருப்பவர், சில வகை ஆபரேஷன், இடுப்பு எலும்போ முதுகெலும்போ உடைந்து அசையக் கூடாதவர், பிட்டத்தில் படுக்கைப்புண் இருந்து அதில் சிறுநீர் படக் கூடாதவர், கடைசிக் காலத்தில் இருப்பவருக்கு ஒரு நிம்மதிக்காக.

‘படுக்கையை நனைக்கிறார்’, ‘பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை’ என்பவை இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நிஜத்தில் இதற்காகவும் போடுகிறார்கள். துணைக்கு இருப்பவர்களே “சிஸ்டர், ஒரு டியூப் போட்டுவிடுங்களேன், ராத்திரி தூங்க முடியலை” என்று கேட்பதும் உண்டு. அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆண்களுக்கு வெளியே மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது, இருபாலருக்கும் டயப்பர் இருக்கிறது, யூரின் கேன், பெட் பேன் இருக்கின்றன. முதலில் அவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

“கையுறை போட்டு, மருந்து தடவி, சுத்தமாத்தான போட்டாங்க? அப்புறம் எப்படிக் கிருமி வருது?”

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் வரும். இதை நம்ப வைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது. நல்ல உடம்பில் சிறுநீர் வேகமாக வெளியேறும்போது கிருமியையும் அடித்துக்கொண்டு போய்விடும். சிறுநீர்ப்பையும் முழுசாகக் காலியாகும். டியூப் போட்டவருக்கு இந்த இரண்டு காவலும் இல்லை. சிறுநீர் சொட்டுச் சொட்டாக வடிகிறது. டியூப்பின் ஓட்டைகள் பலூனுக்கு மேலே இருப்பதால், பலூனைச் சுற்றி அடியில் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கிறது.

கிருமிக்கு இரண்டு பாதை. ஒன்று, தோலிலும் மலத்திலும் இருக்கும் கிருமி டியூப்பின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது. இன்னொன்று, பேக்கின் குழாயிலோ, டியூப்பும் பேக்கும் சேரும் இணைப்பிலோ நுழைந்து உள்பக்கமாக ஏறுவது. ஏறிய கிருமிகள் டியூப்பின் சுவரில் ஒரு வழவழப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் விரலை வைத்தால் வழுக்குமே, அது மாதிரி. ஆன்டிபயாடிக் அந்தப் படலத்துக்குள் சரியாகப் போய்ச் சேராது.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும், நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறக்குறைய எல்லோர் சிறுநீரிலும் கிருமி இருக்கும். அந்தக் காலத்தில் டியூப்பை ஒரு திறந்த பாட்டிலில் விட்டுவைப்பார்களாம். சில நாட்களிலேயே எல்லோருக்கும் கிருமி வந்துவிடும். காற்றும் கையும் படாத மூடிய பேக் 1960-களில் பரவிய பிறகுதான் இது தள்ளிப்போனது. தள்ளிப்போனதே தவிர, நிற்கவில்லை.

“பேக் எங்க இருந்தா என்ன, யூரின் அதுல வந்தா போதாதா?”

போதாது. பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. கட்டிலின் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டுவது சரி. ஏற்றி இறக்கும் பக்கத் தடுப்புக் கம்பியில் மாட்டினால், கம்பியைத் தூக்கும்போது பேக்கும் மேலே போய்விடும். டியூப் உடம்புக்கு அடியில் மாட்டி மடங்கியிருக்கிறதா என்று நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

மோசமான இடம் ஸ்ட்ரெச்சர். ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றிலோ கால்களுக்கு நடுவிலோ வைத்துவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படித்தான் வைத்தேன். லிஃப்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் ஒரு மூத்த சிஸ்டர் வந்து, ஒன்றும் பேசாமல், டியூப்பை விரலால் காட்டினார். பேக்கில் காலையிலிருந்து சேர்ந்த சிறுநீர் மஞ்சளாக, மெதுவாக, நோயாளியை நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்துவிட்டு, ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். வார்டு பாய் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை.

“பேக்கை நாங்களே காலி பண்ணலாமா?”

சிஸ்டர் ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு செய்யலாம். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கையுறை போடுங்கள். பேக்கின் அடிக்குழாய் எதன் மேலும் உரசக் கூடாது, பிடிக்கும் ஜக்கின் விளிம்பிலும்கூட. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிறையாவிட்டாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எவ்வளவு மில்லி என்று குறித்துவைக்கச் சொல்லியிருந்தால் ஊற்றும் முன் குறியுங்கள்.

ஜக் விஷயத்தில் கறாராக இருங்கள். பக்கத்துக் கட்டில்காரரின் ஜக்கைக் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். ஒரே ஜக்கோடு வரிசையாகப் பத்துக் கட்டில் போனால், முதல் கட்டிலின் கிருமி பத்தாவது கட்டில் வரை பயணம் போகும். டியூப்பும் பேக்கும் சேரும் இணைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் கழற்றாதீர்கள். இரண்டாவது பாதை என்று மேலே சொன்னது அதைத்தான்.

“குளிப்பாட்டலாமா? அந்த இடத்தை டெட்டால் ஊத்திக் கழுவணுமா?”

குளிப்பாட்டலாம். டெட்டால், பீட்டாடின் எதுவும் தினப்படிக்கு வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும், ஒரு நாளைக்கு ஒருமுறை, மலம் கழித்த பிறகு இன்னொருமுறை. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். டியூப்பைக் கழுவும்போது உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பவுடர் போடாதீர்கள்.

ஆண்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்லித்தருவதில்லை. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், கழுவியதும் மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அது அங்கேயே இறுகி, முனை வீங்கி, அவசரமாக டாக்டரைக் கூப்பிட வேண்டியதாகிவிடும். இப்படி வீங்கிப்போய் வந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

“யூரின் கலங்கலா இருக்கு, நாத்தமும் அடிக்குது. இன்பெக்ஷன்தானே சிஸ்டர்?”

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே சிறுநீர் அடர்த்தியாகி நாறும். பேக்கில் ஆறேழு மணி நேரம் நின்ற சிறுநீர் யாருடையதாக இருந்தாலும் நாறத்தான் செய்யும். டிபி மாத்திரை ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு ஆரஞ்சு நிறமாகப் போகும், பி-காம்ப்ளெக்ஸ் போட்டவருக்குப் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். நிறத்தையும் நாற்றத்தையும் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் குறித்துக்கொள்வார். அதற்காகவே ஆன்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள்.

“பஸ் செல்ஸ் 30-40னு ரிப்போர்ட்ல இருக்கு, கல்ச்சர்லயும் கிருமி வந்திருக்கு. ஆனா டாக்டர் மருந்து வேண்டாங்கிறார். கவனிக்கலையா?”

கவனித்ததால்தான் வேண்டாம் என்கிறார். கல்ச்சர் என்பது சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட். சிறுநீரில் கிருமி இருப்பது வேறு, கிருமி உடம்பைத் தாக்குவது வேறு. டியூப் உள்ளே உரசிக்கொண்டே இருப்பதால் பஸ் செல்ஸ் எனும் சீழணுக்கள் எப்படியும் கூடும். கிருமியும், மேலே சொன்ன கணக்குப்படி, நாளாக ஆகச் சேர்ந்துவிடும். 2000-இல் பால் தம்பையா, டென்னிஸ் மாக்கி என்ற இரண்டு மருத்துவர்கள் டியூப் போட்ட 1,497 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகக் கிருமி சேர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை.

தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சாதுவான கிருமி செத்து, அந்த மருந்துக்கு அசையாத கிருமி அந்த இடத்துக்கு வரும். அடுத்த வாரம் நிஜமாகவே காய்ச்சல் வரும்போது, மெரோபெனம் போன்ற பெரிய ஆன்டிபயாடிக் ஊசிக்கும் கேட்காத கிளெப்சியெல்லா என்ற கிருமியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கு மட்டும் விதிவிலக்கு: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் இரத்தம் வரக்கூடிய ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்கள். இவர்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து உண்டு.

“அப்ப எதைப் பார்த்துத்தான் இன்பெக்ஷன்னு சொல்றது?”

ஆளைப் பார்த்து. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றில் தொட்டால் வலி, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, புதிதாக இரத்தம் கலந்து வருவது. டியூப் இருப்பதால் வழக்கமான எரிச்சலோ அடிக்கடி வருகிற உணர்வோ தெரியாது, அல்லது டியூப்பாலேயே அப்படித் தோன்றும். அதனால் அதை நம்ப முடியாது.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல், நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று பிதற்றலாம், எழுப்ப எழுப்பத் தூங்கலாம். உடனே சொல்லுங்கள். ஆனால் எல்லாப் பிதற்றலுக்கும் சிறுநீர்தான் காரணம் என்று முடிவுகட்டுவதும் தப்பு. சோடியம் குறைந்திருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம். டியூப் இருக்கிறது என்பதற்காகப் பழியை அதன்மேல் போட்டுவிட்டு நிமோனியாவைக் கோட்டைவிட்ட கதை எங்கள் மீட்டிங்குகளில் அடிக்கடி வரும். மூச்சு வாங்குவது, பிரஷர் இறங்குவது, கை கால் சில்லிடுவது, யூரின் அளவு சட்டென்று குறைவது ஆகியவை கிருமி இரத்தத்தில் ஏறியதற்கான அடையாளமாக இருக்கலாம். அப்போது ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காமல் ட்யூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

“கல்ச்சருக்கு பேக்லேர்ந்து கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்தா என்ன?”

பேக்கில் தேங்கியது கிருமிப் பண்ணை. அதைக் கொடுத்தால் ஆளுக்கு என்ன இருக்கிறது என்று தெரியாது, பேக்குக்கு என்ன இருக்கிறது என்றுதான் தெரியும். டியூப்பில் சாம்பிள் எடுப்பதற்கென்று ஒரு ரப்பர் முனை இருக்கும். அதற்குக் கீழே கொஞ்ச நேரம் மடக்கிப் பிடித்து, முனையை ஸ்பிரிட்டால் நன்றாகத் தேய்த்து, காயவிட்டு, சிரிஞ்சால் இழுக்க வேண்டும். எடுத்ததும் மடக்கியதை விடுவிக்க வேண்டும். விடுவிக்க மறந்து, மூன்று மணி நேரம் கழித்து நோயாளி வயிறு உப்பிக் கத்திய இரவுகள் உண்டு.

டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்திருந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புது டியூப் போட்டு அதிலிருந்து எடுப்பதுதான் சரி. எடுத்த சாம்பிள் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். “அண்ணன் சாயங்காலம் வரும்போது கொடுத்துக்குவார்” என்று ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிடாதீர்கள்.

“ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போடணும்? டியூப்பையும் மாத்தணுமா?”

மருந்துக்குச் சீக்கிரம் கேட்டுவிட்டால் பொதுவாக 7 நாள். மெதுவாகக் கேட்டால் 10 முதல் 14 நாள். டியூப் எடுத்தாகிவிட்ட 65 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, காய்ச்சலும் முதுகுவலியும் இல்லையென்றால், 3 நாளே போதும் என்று சில டாக்டர்கள் நிறுத்துவார்கள். முதல் இரண்டு நாள் பெரிய ஊசி போட்டுவிட்டு, கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் சின்ன மருந்துக்கு மாற்றினால் பயப்படாதீர்கள். காசு மிச்சம் பிடிப்பதற்காக அதைச் செய்வதில்லை. எந்தக் கிருமி என்று தெரிந்தபின் அதற்கு ஏற்றதைக் கொடுக்கிறார்கள்.

டியூப் தேவை இல்லையென்றால் எடுத்துவிடுவதே வைத்தியத்தில் பாதி. தேவை என்றால், இரண்டு வாரம் தாண்டிய டியூப்பை மாற்றிவிட்டு மருந்தை ஆரம்பிக்க வேண்டும். அந்த வழவழப் படலத்தோடு டியூப்பை உள்ளேயே விட்டுவிட்டு மருந்து மட்டும் போட்டால், காய்ச்சல் விட்டு மறுபடியும் வரும். கேண்டிடா எனும் பூஞ்சை வந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தாலும் பல சமயம் டியூப்பை எடுப்பதே போதுமாகிவிடும்.

“வராம இருக்க முன்னாடியே ஒரு ஆன்டிபயாடிக் போட்டுடலாமே? இல்லைன்னா வெள்ளிப்பூச்சு டியூப்னு ஒண்ணு இருக்காமே?”

முன்கூட்டியே போடும் ஆன்டிபயாடிக்கின் கதையை பஸ் செல்ஸ் கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். மருந்துத் தண்ணீர் விட்டுச் சிறுநீர்ப்பையைத் தினமும் கழுவுவதும் அப்படியே. அதற்காக இணைப்பைத் திறந்து மூடுவதில்தான் கிருமி நுழையும். அடைப்பு இருந்தாலோ, புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு இரத்தக் கட்டி வந்தாலோ கழுவுவது வேறு விஷயம். அது தேவை.

வெள்ளிப்பூச்சு டியூப்பை பிரிட்டனில் 24 ஆஸ்பத்திரிகளில் 7,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். குறுகிய காலத்துக்கு டியூப் போடுகிறவர்களிடம் சாதா டியூப்பை விட அது இன்பெக்ஷனைக் குறைக்கவில்லை. விலை மட்டும் கூடுதல்.

“பார்லித் தண்ணி, வாழைத்தண்டு ஜூஸ், இளநீர் கொடுத்தா சரியாகுமா?”

தண்ணீர் நிறைய உள்ளே போனால் டியூப் நன்றாக ஓடும், அது நல்லது. பார்லி, சீரகத் தண்ணீர், மோர் எதுவானாலும் சரிதான். ஆனால் இவை எதுவும் கிருமியைக் கொல்லாது. கிரான்பெர்ரி மாத்திரையும் டியூப் போட்டவர்களுக்கு உதவுவதில்லை.

கொடுக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இதயம் பலவீனமானவருக்கும் கிட்னி கெட்டவருக்கும் தண்ணீரே அளந்துதான் தரப்படும். கிட்னி நோயாளிக்கு இளநீரும் வாழைத்தண்டும் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே குழப்பலாம். “உடம்புக்குக் குளிர்ச்சி” என்று மூன்று இளநீர் வாங்கிக் கொடுத்த மகனை நாங்கள் திட்டவும் முடியாமல், விடவும் முடியாமல் நின்றிருக்கிறோம்.

“டியூப் இருக்கும்போதே பக்கவாட்டுல ஒழுகுது. பெரிய சைஸ் போடச் சொல்லலாமா?”

வேண்டாம். பெரிய சைஸ் போட்டால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலாகி, இன்னும் இறுக்கி, இன்னும் ஒழுகும். முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா, பேக் நிறைந்துபோயிருக்கிறதா, நோயாளிக்கு மலச்சிக்கலா என்று பாருங்கள். மலம் இறுகினால் சிறுநீர்ப்பையை அழுத்தும். இவை எதுவும் இல்லையென்றால் சிறுநீர்ப்பையின் பிடிப்பாக இருக்கலாம், அதற்கு மாத்திரை உண்டு. பேக்கில் எதுவுமே வராமல் ஒழுக்கு மட்டும் இருந்தால் டியூப் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப அடைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் புரோட்டியஸ் என்ற கிருமி இருக்கும். அது யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரத்தன்மையாக்கிவிடும். கெண்டியில் உப்பு படிவது மாதிரி டியூப்பின் நுனியிலும் பலூன் மேலும் படிகம் படியும். எடுத்த டியூப்பை விரலால் உருட்டினால் மணல் நொறுங்குவது கையில் தெரியும்.

“ராத்திரி நல்லா இருந்த பேக் காலையில கத்தரிப்பூ கலர்ல ஊதா ஆயிடுச்சு! ஏதும் விஷமா?”

விஷம் இல்லை. பார்க்கத்தான் பயங்கரம். நாம் சாப்பிடும் புரதத்தில் உள்ள டிரிப்டோபன், குடலில் கிருமிகளாலும் பிறகு ஈரலிலும் மாறி, சிறுநீரில் வந்து சேர்கிறது. அங்கே உள்ள சில கிருமிகள் அதை நீலமாகவும் சிவப்பாகவும் இரண்டு சாயங்களாக உடைக்கின்றன. இரண்டும் பேக்கின் பிளாஸ்டிக்கில் ஊறி ஊதாவாகத் தெரிகிறது. நீலச் சாயம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அதே இண்டிகோதான். மலச்சிக்கலோடு நாட்பட டியூப் போட்டிருக்கும் வயதான பெண்களிடம் அதிகம் காணலாம். மலச்சிக்கலைச் சரிசெய்து, டியூப்பையும் பேக்கையும் மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக்.

“டியூப்பை எப்ப எடுப்பீங்கன்னு நாங்க கேட்கலாமா? கோவிச்சுக்க மாட்டாங்களா?”

கேளுங்கள். தினமும் காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள்: “டாக்டர், இந்த டியூப் இன்னிக்கும் தேவையா?” இந்தப் பக்கத்தில் இருப்பதிலேயே அதிகம் பயன்படும் வரி இதுதான். டியூப்பை மறந்துபோவது ரொம்ப சாதாரணம். போர்வைக்குள் இருக்கிறது, வலிப்பதில்லை, மானிட்டர் மாதிரி சத்தம் போடுவதில்லை. சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் குழுவினரும் அமெரிக்காவில் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் நோயாளிக்கு டியூப் இருப்பதே தெரியாத டாக்டர்களை எண்ணினார்கள். மருத்துவ மாணவர்களில் 21 சதவீதம். பொறுப்பிலிருந்த பெரிய டாக்டர்களில் 38 சதவீதம்.

எனவே நீங்கள் கேட்பது குறை சொல்வது ஆகாது. தேவை என்றால் ஏன் தேவை என்று சொல்வார்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்றால் நாளைக்கும் கேளுங்கள்.

“எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் கிளாம்ப் போட்டுப் பழக்கணும்னு சொல்றாங்களே?”

டியூப்பைக் கிளிப் போட்டு அடைத்துவைத்து அவ்வப்போது திறந்துவிடுவது, அது பழைய வழக்கம். குறுகிய காலத்துக்கு டியூப் போட்டவர்களுக்குக் கிளாம்ப் போட்டுத் திறப்பதால் எந்த நன்மையும் இல்லை, ஒரு நாள் தாமதம்தான் மிச்சம். நேரடியாக எடுக்கலாம்.

“அப்பா ராத்திரி அவரே டியூப்பைப் பிடுங்கிட்டார். ரத்தமா வருது. என்ன பண்றது?”

பலூன் உப்பியபடியே வெளியே வந்திருக்கிறது, துவாரத்தின் உள்பக்கம் கிழிந்திருக்கும். சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பிடுங்கிய டியூப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பலூன் முழுசாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். உடனே இன்னொரு டியூப்பைத் திணிக்க யாரையும் விடாதீர்கள், டாக்டர் பார்த்தபின் முடிவெடுக்கட்டும்.

குழம்பிப்போன வயதானவர்களின் கையைக் கட்டிப்போடுவதைவிட, அவருக்கு டியூப் தேவையா என்ற கேள்விக்குத் திரும்புவது நல்லது. தேவை என்றால், ஆண்களுக்கு மேல்தொடையிலோ அடிவயிற்றிலோ பிளாஸ்டர் போட்டுத் தளர்வாக ஒட்டி, கைக்கு எட்டாதபடி வேட்டிக்கு அடியில் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீரும்.

“இன்பெக்ஷன் வந்தது ஆஸ்பத்திரி தப்புதானே? அதுக்கும் சேர்த்து நாங்க ஏன் பில் கட்டணும்?”

நியாயமான கேள்வி, எங்களுக்குச் சங்கடமான கேள்வி. டியூப் போட்டு இரண்டு நாள் தாண்டியபின், தொந்தரவும் கல்ச்சரும் சேர்ந்து வந்தால் அதை டியூப்பால் வந்த இன்பெக்ஷன் என்று எங்கள் கணக்கில் எழுதுவோம். டியூப் எடுத்த மறுநாள் வந்தாலும் எங்கள் கணக்குதான். அமெரிக்காவில் மெடிகேர் எனும் அரசுக் காப்பீடு, இந்த இன்பெக்ஷனுக்கு ஆகும் கூடுதல் செலவை 2008 அக்டோபரிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தருவதில்லை. நம் ஊர் பில்லில் அப்படி ஒரு வரி இல்லை.

எல்லாமே தவிர்க்க முடிந்தவை என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் ஐசியூவில் இருப்பவருக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் வரலாம். ஆனால் தேவையில்லாமல் போட்ட டியூப்பாலும், எடுக்க மறந்த டியூப்பாலும் வந்ததென்றால் அது தவிர்த்திருக்க வேண்டியது. ஏன் போட்டார்கள், எந்தத் தேதியில் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள் என்பது கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

“டியூப்போடயே வீட்டுக்கு அனுப்புறாங்க. எத்தனை நாளுக்கு ஒருக்க மாத்தணும்?”

எந்த டியூப் என்பதைப் பொறுத்தது. ரப்பர் போல மஞ்சள் பழுப்பாக இருக்கும் லேடெக்ஸ் டியூப்பை இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றச் சொல்வார்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் முழு சிலிக்கான் டியூப் 12 வாரம் வரை தாங்கும். போட்ட தேதி, சைஸ், எந்த வகை, அடுத்து மாற்றும் தேதி ஆகிய நான்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு நிரந்தர டியூப்பைவிட நல்ல வழி, நாளைக்கு நான்கைந்து தடவை சின்ன டியூப்பை விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே டியூப்பையும் எடுத்துவிடுவது. அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972-இல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. நன்றாகக் கழுவிய கையோடு, ஸ்டெரைல் கையுறை இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம் என்றார். இன்று உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. வீட்டில் யாராவது ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு தடவைதான் கை நடுங்கும்.

“முதுகுத்தண்டு அடிபட்ட தம்பிக்கு டியூப் அடைச்சா தலைவலி மண்டையைப் பிளக்குதுங்கிறான். யூரினுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்?”

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது, இது அவசரம். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பிப் புடைத்தால் பிரஷர் கிடுகிடுவென்று ஏறும். மண்டைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட இடத்துக்கு மேலே வியர்ப்பது இதன் அடையாளம். உடனே உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், டியூப் மடங்கியிருந்தால் நேராக்குங்கள். அப்படியும் ஓடவில்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தலைவலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள், பக்கவாதம் வரை போகலாம்.

“டியூப் எடுத்து நாலு மணி நேரம் ஆச்சு, இன்னும் யூரின் போகலை. மறுபடி போட்டுடுவாங்களா?”

அவசரப்பட வேண்டாம். ஆறு மணி நேரம் வரைக்கும் பொதுவாகப் பொறுத்துப் பார்ப்போம். ஆண்களை முடிந்தால் நிற்க வையுங்கள், பெண்களை உட்கார வையுங்கள். திரையை இழுத்து மூடுங்கள், சொந்தக்காரர்களை வெளியே அனுப்புங்கள். குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர்ச் சத்தத்திலேயே பல பேருக்கு வந்துவிடும். முதல் தடவை கொஞ்சம் எரியும், அடிக்கடி வருகிற மாதிரி இருக்கும். ஒரு நாளில் அடங்கிவிடும்.

அடிவயிறு கல்லாட்டம் புடைத்து வலித்தாலோ, ஆறு மணி நேரம் தாண்டினாலோ சொல்லுங்கள். ஸ்கேன் வைத்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். நிறைய இருந்தால் ஒரே ஒருமுறை சின்ன டியூப்பால் எடுத்துவிட்டு விடுவதும் உண்டு. மறுபடியும் ஃபோலீஸ் போட்டாக வேண்டும் என்றில்லை. அடுத்த இரண்டு நாளில் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், டியூப் எந்தத் தேதியில் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.